ஒளிவழித் தூது

மன்றத்தில் நின்று உரக்கப் பேசினால் ஊரே கேட்கும். காதோடு காதாகச் சொன்னால் ஒருவரே கேட்பார். வானொலி முதல்வகைப் பேச்சு. ஆனால், படைத்தலைவரின் ஆணையும் வங்கியின் கணக்கும் ஊரறியச் செல்லலாகாது. கம்பியுமின்றி, பிறர் செவியிலும் படாமல் செய்தி அனுப்ப வழியுண்டா? லேசர் ஒளி அவ்வழியைக் காட்டுகிறது.

ஒளியில் பேச்சை ஏற்றும் எண்ணம் புதியதன்று. தொலைபேசியைப் படைத்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், 1880-இலேயே அதனைச் செய்து காட்டினார். மெல்லிய ஆடி ஒன்றின்மேல் கதிரவன் ஒளி விழுந்தது. ஆடியின் பின்னிருந்து பேசியதும் அது அதிர்ந்தது. பிரதிபலித்த ஒளியும் குரலுக்கேற்பக் கூடிக் குறைந்தது. 213 மீட்டருக்கு அப்பால், செலீனியம் என்னும் பொருள் அவ்வொளி மாற்றத்தை மின்னோட்ட மாற்றமாக்க, பேச்சு மீண்டும் கேட்டது. ஆயினும், மேகம் கதிரவனை மறைத்தால் பேச்சும் நின்றுவிடும். தக்க ஒளி வாய்க்க 80 ஆண்டுகள் சென்றன. 1960-இல் தியோடர் மைமன் செயற்கை மாணிக்கக் கோல் ஒன்றிலிருந்து முதல் லேசர் ஒளியைப் பெற்றார்.

விளக்கின் ஒளி சந்தைக் கூட்டம் போல நாற்புறமும் சிதறுவது. லேசர் ஒளியோ அணிவகுத்து அடிபிசகாமல் செல்லும் படை போன்றது. பூமியிலிருந்து ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் கடந்து சந்திரனை அடையும்போதும், நன்கு குவிக்கப்பட்ட லேசர் கற்றை சில கிலோமீட்டர் அகலமே விரிகிறது. ஆகவே, ஒட்டுக்கேட்க விரும்புவோன் அக்கற்றையின் வழியிலேயே வந்து நின்றாக வேண்டும்.

அவ்வாறு வந்து, சிறிது ஒளியை மட்டும் களவாடிச் சென்றால்? இங்கேதான் இயற்கையின் விதி ஒன்று காவலுக்கு வருகிறது. 1984-இல் சார்லஸ் பென்னெட், ஜில் பிரசார்ட் ஆகிய இருவரும் ஒரு முறையை வகுத்தனர். போட்டான் என்னும் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக அனுப்புகின்றனர். ஒவ்வொரு துகளும் நேராகவோ சாய்வாகவோ அதிர்கிறது. எம்முறையில் அளப்பது என்பது களவாளிக்குத் தெரியாது; பாதி முறை பிழையாகவே அளப்பான். பிழையாக அளந்தால் துகளின் நிலையே மாறிவிடும். அவன் எல்லாத் துகள்களையும் இடைமறித்தால், இருபுறத்தாரும் ஒரே முறையில் அளந்த குறிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒன்று பிழைபடும். அவற்றுட் சிலவற்றை அவர்கள் வெளிப்படையாக ஒப்பிட்டாலே களவு புலப்பட்டுவிடும்.

அனுப்பப்படுவது செய்தியன்று, செய்தியைப் பூட்டும் திறவுகோல் மட்டுமே என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். களவு தெரிந்தால் அத்திறவுகோலை எறிந்துவிட்டு வேறொன்றை ஆக்கலாம், இழப்பு ஏதுமில்லை.

2016-இல் சீனா ஏவிய மிசியஸ் செயற்கைக்கோள் வழங்கிய திறவுகோல்களைக் கொண்டு, 2017-இல் பெய்ஜிங்கும் வியன்னாவும் காணொளி வாயிலாக உரையாடின. நம் நாட்டில், 2021-இல் அகமதாபாத்தில் இஸ்ரோ அறிஞர்கள் 300 மீட்டர் திறந்தவெளியில் இம்முறையை நிகழ்த்திக் காட்டினர்.

குறைகளும் உண்டு. மூடுபனியும் மேகமும் ஒளியைத் தடுக்கும். குறி சற்றே தவறினும் கற்றை விலகிப் போகும். கருவியின் குறைபாடு கள்வனுக்கு வாயிலாகலாம். ஒளி செல்லும் வழியை இயற்கை காக்கும். வழியின் இரு முனைகளிலும் உள்ள கருவியைச் செம்மையாகச் செய்வதும், திறவுகோலைப் பேணுவதும் மனிதர் கடமை. அப்பணிக்கு வருங்காலத்தில் உங்களுட் சிலர் முன்வர வேண்டும்.