ஊசி முனையில் ஒரு காமிரா!

லென்ஸ் கிடையாது. பாட்டரி கிடையாது. அமுக்குவதற்கு ஒரு பட்டன்கூடக் கிடையாது. காலி டின் ஒன்று, தையல் ஊசி ஒன்று, கொஞ்சம் கறுப்பு டேப். இதை வைத்து போட்டோ எடுக்கலாம் என்றால் ஆபீஸில் ஒருவரும் நம்பவில்லை. "என்ன சார், மாசக் கடைசியா?" என்று அனுதாபமாக விசாரிக்கிறார்கள்.

எடுக்கலாம் சார்! பின்ஹோல் காமிரா என்று பெயர். தமிழில் ஊசித்துளைக் காமிரா.

தத்துவம் ரொம்ப சிம்பிள். வெளிச்சம் நேர்கோட்டில்தான் போகும். சின்னத் துளை வழியாக நுழைந்தால், மேலிருந்து வருவது கீழே போகும்; கீழிருந்து வருவது மேலே போகும். உள்ளே ஒரு திரை இருந்தால் உலகம் அதில் தலைகீழாக விழும். ஹம்பி விருபாட்சர் கோயிலில் கோபுர நிழல் உள்சுவரில் தலைகீழாகத் தெரிகிறதே, அதே சமாசாரம்தான். 2019 டிசம்பர் 26 அன்று கங்கண சூரிய கிரகணம் வந்தபோது, திண்டுக்கல் பக்கம் மரத்தடி வெளிச்சப் பொட்டுகளெல்லாம் வளையம் வளையமாக விழுந்ததும் இதனால்தான். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஒரு காமிரா!

செய்முறைக்கு வருவோம். பத்து சென்டிமீட்டர் குறுக்களவில் ஒரு பால் பவுடர் டின். உள்ளே கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டுங்கள். பக்கவாட்டில் ஆணியால் ஓர் ஓட்டை. கூல்டிரிங்க் கேனில் சின்னத் தகடு வெட்டி, ஊசி நுனியால் லேசாகக் குத்தி, பின்பக்கம் பிதுங்குவதை உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி குத்துங்கள். துளை 0.4 மில்லிமீட்டர் போதும். 'இன்னும் சின்னதாகப் போட்டால் இன்னும் ஷார்ப்பாக வருமே?' என்று கேட்பீர்கள். வராது. அதற்குக் கீழே போனால் வெளிச்சம் துளையின் ஓரத்தில் வளைந்து பரவி, படம் மறுபடி மங்கிவிடும். தகட்டை ஓட்டைமேல் ஒட்டி, துளையை ஒரு துண்டு டேப்பால் மூடினால் ஷட்டர் ரெடி.

இருட்டறையில் (எங்கள் வீட்டில் அதற்கு பாத்ரூம் என்று பெயர்) சிவப்பு பல்பு வெளிச்சத்தில், துளைக்கு எதிர்ப்பக்கம் கறுப்பு வெள்ளை போட்டோ பேப்பரைச் செருகி மூடுங்கள். இல்ஃபோர்ட் போன்ற கம்பெனிகள் இன்றும் இதைத் தயாரிக்கின்றன. டின்னை வெயிலில் அசையாமல் வைத்து டேப்பை உரியுங்கள்.

எவ்வளவு நேரம்? நான் பி.காம். என் பாஷையில் சொல்கிறேன். லென்ஸ் காமிராவில் வெளிச்சம் மொத்தமாக டெபாசிட் ஆகிறது. பின்ஹோல் என்பது ரெக்கரிங் டெபாசிட். சில்லறை சில்லறையாகச் சேரவேண்டும். உச்சி வெயிலில் அரை நிமிடம். நிழலில் நாலைந்து நிமிடம்.

வேடிக்கையே இதில்தான். குறுக்கே ஓடுகிற எதுவும் படத்தில் சேராது. பஸ் ஸ்டாப் எதிரே ஒரு தடவை எடுத்தேன். இரண்டு பஸ், ஏகப்பட்ட டூ வீலர் போயின. படத்தில் காலி ரோடு! தூங்கிக்கொண்டிருந்த நாய் மட்டும் ஜம்மென்று விழுந்திருந்தது.

இன்னொரு நாள் மொட்டை மாடியில் வடாத்துக்குக் காவலாக அம்மா.

"ஒரு நிமிஷம் அசையாம இரும்மா."

"காக்கா வந்தா?"

வந்தது, மூன்று தடவை. மூன்று தடவையும் அம்மா குச்சியை வீசினாள். கழுவிப் பார்த்தால் காக்காவைக் காணோம், குச்சியைக் காணோம். அம்மா முகம் சுமாராகத் தெளிவு. வலது கை இருக்கவேண்டிய இடத்தில் லேசாய் ஒரு புகை. என் செல்போனில் அம்மா படம் முந்நூறாவது இருக்கும். எல்லாவற்றிலும் ரேஷன் கார்டுக்கு எடுத்த மாதிரி விறைப்பு. கை ஓயாத என் அம்மா இருப்பது இந்த ஒன்றில்தான்.

போன வருஷம் பக்கவாதம் வந்து அந்தக் கை விழுந்துவிட்டது. தினம் பிசியோதெரபி நடக்கிறது. படத்தைக் கட்டிலுக்கு எதிரே மாட்டச் சொல்லிவிட்டாள். "காக்கா விரட்டின கைடா. வராம எங்க போகும்?"

விரல்கள் இப்போது மடங்குகின்றன.

படம் கழுவ டெவலப்பர் கிடைக்காவிட்டால் இன்ஸ்டன்ட் காபித் தூளும் வாஷிங் சோடாவும் போதும். அமெரிக்காவில் ரோசெஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரி வகுப்பு ஒன்று 1995-ல் கண்டுபிடித்த வழி. நாற்றம் சகிக்காது, ஃபில்டர் காபியை வீணடிக்காதீர்கள். பிறகு ஹைப்போவில் போட்டு அலசினால் படம் நிலைக்கும். வருவது நெகட்டிவ். செல்போனில் படம் பிடித்து, கறுப்பு வெள்ளையையும் இடம் வலத்தையும் மாற்றிக்கொள்ளலாம்.

பொறுமைக்கு எல்லை உண்டா? இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்டுஷயர் பல்கலைக்கழக மாணவி ரெஜினா வால்கன்பர்க், 2012-ல் ஒரு பீர் கேனைக் காமிராவாக்கி வான் ஆய்வுக்கூட டெலஸ்கோப்பில் கட்டிவைத்தார். அப்புறம் மறந்தே போனார். 2020-ல் அதைக் கழற்றினால், எட்டு வருஷ சூரியனும் உள்ளே! வானத்தில் 2,953 வில் கோடுகள். பீர் கேனுக்கு இதைவிட கௌரவமான மறுபிறவி கிடையாது.

ஒவ்வோர் ஏப்ரல் கடைசி ஞாயிறும் உலக பின்ஹோல் தினம். அதற்குள் ஒரு டின் தேற்றிவிடுங்கள். உள்ளே பாதி பால் பவுடர் மிச்சமிருந்தால் மட்டும், முதலில் வீட்டில் பர்மிஷன் வாங்கிவிடுங்கள்!