மகளின் கையில் எந்தப் புத்தகம்?



பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் உங்கள் மகள் ஒரு நாள் வந்து, "உம்மா, நான் வியாபாரம் செய்யப் போகிறேன்" என்று சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? "அதெல்லாம் வாப்பாவும் நானாவும் பார்க்கிற வேலை" என்று வாயை அடைப்பீர்களா? அல்லது, ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து, "முதலில் இதைப் படி" என்பீர்களா? கொடுப்பதானால் எந்தப் புத்தகத்தைக் கொடுப்பீர்கள்?

கண்டி முஸ்லிம்களுக்கு வியாபாரம் புதிதல்ல. மன்னராட்சிக் காலத்தில் 'தவளம்' எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களுடன் கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மலைநாட்டுக்குக் கொண்டு வந்து, இங்கிருந்து பாக்கு ஏற்றிச் சென்றவர்களில் நம் முன்னோர் பலர் இருந்தனர். இன்றும் கண்டி நகரத்திலும் கட்டுகஸ்தோட்டையிலும் அக்குறணையிலும் கம்பளையிலும் நம்மவரின் கடைகளைக் காணலாம். ஆனால் அந்தத் தொழில் அறிவு, வாப்பாவின் பக்கத்தில் கடையில் நின்ற மகனுக்கே கிடைத்தது. கடையில் நிற்காத மகள் எங்கே போய்க் கற்பாள்? அவளுக்குப் புத்தகம்தான் வழி.

துணிவு தரும் புத்தகம்

நம் வீட்டு அலுமாரிகளில் ஒரு காலத்தில் தவறாமல் இருந்தவை, தமிழகத்துத் தொண்டியில் 1922இல் பிறந்து 1993இல் மறைந்த எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் அவர்களின் நூல்கள். 'வாழ்க்கையில் வெற்றி', 'முன்னேறுவது எப்படி', 'எண்ணமே வாழ்வு', 'கவலைப்படாதே' எனத் தலைப்புகளே மனதைத் தட்டியெழுப்பும். சுயமுன்னேற்ற நூல்களைத் தமிழில் பரவலாக்கிய முன்னோடிகளுள் அவர் ஒருவர். இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தவரும் அவரே. சோர்ந்திருப்பவரை எழுந்து நிற்கச் செய்யும் புத்தகங்கள் அவை. மகளுக்குக் கொடுங்கள், நீங்களும் படியுங்கள்.

ஆனால் துணிவு மட்டும் போதுமா? இங்கே வ.உ. சிதம்பரம் பிள்ளையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் நம் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டவர் அவர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்ற முஸ்லிம் வணிகர் அந்தக் கம்பெனியில் 2 இலட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். 1908இல் வெள்ளையர் அரசு வ.உ.சி.யைச் சிறையில் அடைத்தது. கம்பெனியும் நொடித்துப் போனது. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் நூலைச் 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கியவர் இதே வ.உ.சி.தான். அந்த நூல் அவருடைய மனதைத் தாங்கியிருக்கலாம். கப்பலை மீட்டுத் தரவில்லை. துணிவு தரும் புத்தகத்தின் வலிமையும் இதுதான்; எல்லையும் இதுதான்.

பாடப் புத்தகம்

இரண்டாவது புத்தகம் பாடப் புத்தகம். உயர்தர வகுப்பில் வர்த்தகப் பிரிவு என்றால், 'விஞ்ஞானம் கிடைக்காத பிள்ளைகள் போகிற இடம்' என்று இளக்காரமாகப் பேசுகிறோம். கணக்கீடு படித்த பிள்ளைக்கு வரவு எது, பற்று எது, இலாபம் எது, முதல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியும். கடையில் 20 வருடம் நின்ற சிலருக்கே அது தெரிவதில்லை. 1838இல் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை, பெண் பிள்ளைகளுக்கு இதே நகரில் பாடசாலை தொடங்கியவர். அவர் திறந்து வைத்த கதவு இது. நாம் அதைச் சாத்திவிடக் கூடாது.

நீங்களே எழுதும் புத்தகம்

மூன்றாவது புத்தகத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அது உங்கள் மகள் தன் கையால் எழுதும் கணக்குக் கொப்பி. அல்குர்ஆனில் மிக நீளமான வசனம் எது? தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதல்ல. சூறா அல்பகராவின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறிதானாலும் பெரிதானாலும் தவணையோடு எழுதச் சலிக்க வேண்டாம் என்று அது போதிக்கிறது. ஓதி நன்மை தேடும் நாம், அதன்படி ஒரு வரியாவது எழுதுகிறோமா?

உதாரணத்துக்கு ஒரு கணக்கைப் பாருங்கள். மகள் 30 கப் வட்டிலப்பம் செய்து, கப் ஒன்றை 150 ரூபாவுக்குக் கொடுக்கிறாள். வரவு 4,500. முட்டை, கித்துள் கருப்பட்டி, தேங்காய், கப் எல்லாம் 3,000. "1,500 ரூபா இலாபம்" என்று வீடே மகிழ்கிறது. ஆனால் கேஸுக்கு 300, முச்சக்கர வண்டிக்கு 600 போனதை யாரும் எழுதவில்லை. உண்மையான மீதி 600தான். அதிலும் 5 கப் அயல் வீடுகளுக்குக் கடன். 750 ரூபா இன்னும் வரவில்லை. அப்படியானால் கைக்கு வந்தது 3,750. கையிலிருந்து போனது 3,900. அரை நாள் அடுப்படியில் நின்றும் 150 ரூபா குறைகிறது! எழுதாதவளுக்கு இது தெரியாது. நல்ல கைப்பக்குவம் இருந்தும் வீட்டுத் தொழில்கள் இப்படித்தான் சத்தமில்லாமல் நின்று போகின்றன. பிறகு, "பெண்களுக்கு வியாபாரம் சரிவராது" என்ற பழிச்சொல் மட்டும் மிஞ்சுகிறது.

ஆகவே மூன்று பழக்கங்களைச் சொல்லிக் கொடுங்கள். வீட்டுச் செலவுப் பணத்தையும் தொழில் பணத்தையும் ஒரே பையில் போடக் கூடாது. கடன் கொடுத்தால், மாமியாக இருந்தாலும் சாச்சியாக இருந்தாலும், பெயர், திகதி, தொகை, தவணை நான்கையும் எழுத வேண்டும். எழுதியதற்கு ஒரு பிரதி வேறோர் இடத்தில் இருக்க வேண்டும்.

கடைசிப் பழக்கம் ஆண்களுக்கும் உரியது. 2018 மார்ச்சில் திகன, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கங்களில் நம்மவரின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். பிங்கா ஓயா பெருகி அக்குறணைக் கடைத்தெருவில் வெள்ளம் புகுவதும் நாம் கண்டதுதான். கடையோடு கணக்கும் அழிந்தால், சரக்கு எவ்வளவு இருந்தது, யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு என்ன சான்று? கடையை மீண்டும் கட்டலாம். மறந்துபோன கடனை மீண்டும் எழுத முடியாது. கணவரின் கடைக் கணக்குக்கு வீட்டில் ஒரு பிரதி வைப்பதை நீங்களே பொறுப்பேற்கலாம் அல்லவா?

அன்னை கதீஜா (ரலி) அவர்கள், இலாபத்தில் பங்கு என்ற உடன்படிக்கையில் பிறரிடம் சரக்கை ஒப்படைத்து ஷாம் தேசத்துக்கு அனுப்பிய வணிகச் சீமாட்டி. முதல் எவ்வளவு, இலாபம் எவ்வளவு என்று தெளிவில்லாமல் பங்கு பிரிக்க முடியுமா? அவர்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். நம் மகள் பென்சிலும் கொப்பியுமாக உட்கார்ந்தால் மட்டும் ஏன் தயங்குகிறோம்?

சகோதரிகளே, முதல் புத்தகம் அவளை எழுப்பும். இரண்டாவது அவளுக்கு வழி காட்டும். மூன்றாவது அவளைக் காப்பாற்றும். இன்றே ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் வரியை அவளே எழுதட்டும்.