பச்சிளங்குழந்தை குளிரில் ஏன் நடுங்குவதில்லை?

மார்கழி இரவில் உங்களுக்குப் பல் தந்தியடிக்கிறது. தொட்டிலில் கிடக்கும் குழந்தையோ நடுங்குவதே இல்லை. அதற்குக் குளிரவில்லையா?

குளிரும், உங்களைவிட வேகமாகவே. அண்டா வெந்நீர் நெடுநேரம் சூடாக இருக்கும்; டம்ளர் வெந்நீர் சட்டென்று ஆறிவிடும் அல்லவா? குழந்தை அந்த டம்ளர். எடைக்குத் தோல்பரப்பு அதிகம்.

நடுங்கிச் சூடேற்றும் வித்தை அதன் தசைகளுக்கு இன்னும் கைவரவில்லை. பதிலுக்குக் கழுத்திலும் தோள்பட்டைகளின் நடுவிலும் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. குளிர்ந்ததும் அது அடுப்பாக எரிகிறது. ஆனால், விறகு கொஞ்சம்தான்!

அதனால் உங்களைவிட ஓர் அடுக்குத் துணி கூடுதலாகப் போடுங்கள். தளர்ந்த போர்வை வேண்டாம், முகத்தை மூடிவிடும்.

கை, கால் சில்லிட்டால் பதறாதீர்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள்: வெதுவெதுப்பு என்றால் சரி, வியர்த்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள்.