ஆணே இல்லாத தொட்டி

"சண்டை போடுறது ஆண் மீன்தானே அண்ணே, எல்லாத்தையும் பெண்ணா வாங்கிப் போட்டுட்டா?" என்று கேட்டாய். பாதி சரி, தம்பி. டீ வரட்டும், மீதிப் பாதியையும் சொல்கிறேன்.

கடையில் "மிக்ஸட் சிக்லிட்" என்று விற்பவை பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்கள். அதிலும் பாறை ஓரத்தில் பாசி மேய்ந்து வாழும் எம்புனா வகைதான் நிறைய. ஆண் ஒரு கல் இடுக்கைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் வரும் பெண்ணையெல்லாம் மடக்கும். பெண் முட்டையிட்டதும் வாயில் அள்ளிக்கொள்ளும். ஏறக்குறைய 3 வாரம் சரியாகச் சாப்பிடாமல் சுமந்துவிட்டுத்தான் குஞ்சைத் துப்பும். அதற்குள் வயிறு ஒட்டிப்போயிருக்கும். உடம்பு தேறுவதற்கு முன்னே ஆண் மறுபடி துரத்த ஆரம்பிக்கும். ஏரியில் ஓடித் தப்பலாம், 4 அடிக் கண்ணாடிக்குள் எங்கே ஓடுவது? ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண்ணாவது போடச் சொல்வது இதனால்தான். ஆணே இல்லையென்றால் இந்தத் துன்பம் கிடையாது. யாருக்குக் கொடுப்பது என்று தெரியாத கலப்பினக் குஞ்சுகளும் சேராது. இதுதான் நீ சொன்ன சரியான பாதி.

நம்ம ஊர் ஜிலேபி மீனும் இந்தக் குடும்பம்தான், அதுவும் வாயில்தான் குஞ்சு காக்கும். பண்ணைக்காரர்கள் அதை நேர்மாறாக, ஆணாக மட்டும் வளர்ப்பார்கள். ஆண் சீக்கிரம் எடை போடும், குளத்தில் குஞ்சும் பெருகாது.

இனி மறுபாதி. பெண்களை மட்டும் விட்டால் அவற்றுக்குள் பெரியது சின்னது என்று ஒரு வரிசை உருவாகாமல் இருக்காது. டாங்கனிக்கா ஏரியைச் சேர்ந்த பர்டோனி என்ற சிக்லிட்டைப் பெண்கள் மட்டுமான கூட்டமாக வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. சில பெண்கள் இடம் பிடித்துக்கொண்டு, மற்றதைத் துரத்தி, ஆணின் நிறத்தையே காட்டின. அவற்றின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோனும் கூடியிருந்தது. ஆனாலும் அவை பெண்கள்தான். ஆக, கறுத்து மிரட்டும் பெண்ணைப் பார்த்து "ஆணா மாறிடுச்சு" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே. ஒன்று, அது தலைமை பிடித்த பெண். இல்லையென்றால், ஆரம்பத்திலிருந்தே ஆணாக இருந்து நிறத்தை மறைத்துவைத்திருந்த மீன்.

இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. சவுலோசி மீனைப் பார். குஞ்சாக இருக்கும்போது எல்லாமே மஞ்சள். பெண் மஞ்சளாகவே இருக்கும், ஆண் வளர வளர நீலமாகிக் கறுப்புப் பட்டை போட்டுக்கொள்ளும். ஆனால் அடிபட்ட ஆண் நீலமாகத் துணியாது. அழுக்கு மஞ்சளாகவே, மேல் மூலையில் ஹீட்டருக்குப் பின்னால் பதுங்கிக் கிடக்கும். அதை அடக்கிவைத்திருந்த பெரிய மீனை எடுத்துவிடு, அப்புறம்தான் அதன் சாயம் வெளுக்கும். மெல்ல நீலம் ஏறும், ஒரு பெண்ணின் முன்னால் பக்கவாட்டில் நின்று உடம்பைப் படபடவென்று நடுக்கிக் காட்டும்.

அதனால் குஞ்சாக வாங்காதே. வளர்ந்த மீனாக வாங்கி, ஈரக் கையில் மெதுவாகப் புரட்டி வயிற்றுப் பக்கம் பார். அடுத்தடுத்து இரண்டு துளை இருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவென்றால் ஆண். பின்னால் இருக்கும் துளை முன்னதைவிடப் பெரிதென்றால் பெண். ஆசனத் துடுப்பில் மஞ்சள் முட்டைப் புள்ளி இருந்தால் ஆண் என்பார்கள். பல இனங்களில் பெண்ணுக்கும் அது உண்டு, அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதே.

நிறமே அடையாளம் சொல்லும் மீனும் உண்டு. ஆரஞ்சு உடம்பில் மை சிந்தியதுபோல் கறுப்புத் திட்டுகளோடு வரும் ஜீப்ரா. ஏரியில் இந்தத் திட்டு மீன்கள் கிட்டத்தட்ட எல்லாமே பெண். திட்டைத் தரும் மரபணு, பெண்ணாக்கும் மரபணுவோடு ஒட்டியே இருக்கிறது என்று 2009இல் கண்டறிந்தார்கள். பாறைமேல் திட்டு உடம்பு சட்டென்று கண்ணில் படாது, பெண்ணுக்கு அது லாபம். ஆணுக்கோ பெண்ணை ஈர்க்கும் நீலம் கெட்டுப்போகிறது, நஷ்டம். நிறத்தை ஒரு பாலோடு கட்டிப்போட்டு இயற்கை அந்த வழக்கைத் தீர்த்திருக்கிறது. எனக்கு இந்த மீனைப் பற்றிப் பேசினால் டீ ஆறிவிடும். ஆனால் பண்ணையில் கலந்து பெருக்கிய வகைகளில் திட்டு ஆணும் வருகிறது, அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

பெண் தொட்டிக்கு என் தேர்வு சவுலோசி, திட்டு ஜீப்ரா, மஞ்சள் லேப் மூன்றும். லேப் சாது. ஆரட்டஸ் வேண்டவே வேண்டாம், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட மஞ்சள் பெண் அழகுதான், ஆனால் அதுவே ரவுடி. பீகாக்கில் நிறமெல்லாம் ஆணுக்கு, பெண் சாம்பல். அது ஆண் மட்டும் வைக்கும் தொட்டிக்கு உரியது.

4 அடித் தொட்டியில் 12 முதல் 15 மீன் போடு. இரண்டு மூன்று மட்டும் விட்டால் எல்லா அடியும் ஒன்றின் தலையிலேயே விழும், கூட்டமாக இருந்தால் அடி பரவிவிடும். கூட்டம் என்பதால் ஃபில்டர் பெரிதாக வேண்டும், வாராவாரம் தண்ணீர் மாற்ற வேண்டும். கல்லை நிறைய அடுக்கு. புது மீன் விடும் நாளில் கற்களை இடம் மாற்றி வை, பழைய எல்லை அழிந்துபோகும். நம்ம போர் தண்ணீரின் கடினம் மலாவி மீனுக்கு ஒத்துக்கொள்ளும். நல்லது செய்வதாக நினைத்து ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றாதே.

இன்னொன்று. ஆண் இல்லாத தொட்டியிலும் சில பெண்கள் முட்டையிட்டு வாயில் வைத்துக்கொள்ளும். தாடை உப்பியிருப்பதைப் பார்த்துப் பதறி எனக்கு போன் போடாதே. சில நாளில் வாய் சுருங்கிவிட்டால் கருவுறாத முட்டை, விழுங்கியோ துப்பியோ இருக்கும். நிஜமான குஞ்சு வந்தால் வாங்கிய தேதியைப் பார். ஒரு மாதத்துக்குள் என்றால் கடையிலிருந்தே சுமந்து வந்திருக்கலாம். அதற்குமேல் ஆகியிருந்தால், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்து ஹீட்டருக்குப் பின்னால் பார்.