கூர்முனையும் புள்ளியும்

கூர்முனைப் பேனாவால் எழுத்தை அழகுற வரைந்து பழகுதல் இன்று பலர்க்கும் இனிய பொழுதுபோக்காகியுள்ளது. மையில் தோய்த்தெழுதும் எஃகு நிப்பு, 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் ஆலைகளிலிருந்து உலகெங்கும் பரவியது. அதன் நுனி இரண்டாகப் பிளவுபட்டிருக்கும். கீழ்நோக்கி இழுக்கையில் அழுத்தினால் பிளவு விரிந்து கோடு தடிக்கும். மேல்நோக்கிச் செல்கையில் அழுத்தாதுவிடின் கோடு மயிரிழையாய் மெலியும். ஏறும்போது அழுத்தினாலோ நுனி தாளைக் குத்தி மை தெறிக்கும். அவ்வாறு நாம் பாழாக்கிய தாள்கள் பல.

ஆங்கில எழுத்துக்கு இம்முறையில் பழக நூல்கள் உள. தமிழில் எழுதத் தொடங்கியபோதோ நாமே வழிகாண வேண்டியதாயிற்று. 'ப' எழுதினால் இறங்கும் இடக்கோடு தடித்தும் ஏறும் வலக்கோடு மெலிந்தும் நின்றன. குறையென்றே முதலில் எண்ணினோம். கருவியின் இயல்பே எழுத்தின் உருவாகிறது என்பது பின்னரே விளங்கிற்று.

இதற்குச் சான்று தேடிப் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து மாணவர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் முன்னோரின் கூர்முனை எழுத்தாணியாகும். அது மை தீட்டுவதன்று, ஓலையைக் கீறுவது. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், புள்ளி குத்தினால் ஓலை துளைபடுமென்று ஏடெழுதுவோர் அதனை விடுத்தனர். விளைவு யாது? 'எரி'யும் 'ஏரி'யும் ஓலையில் ஒன்றாயின! ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் ஊர்களில் இது சிறு மயக்கமோ?

இம்மயக்கத்தைத் தீர்த்தவராகத் தமிழுலகம் போற்றுபவர் வீரமாமுனிவர் (1680–1747). இத்தாலியில் பிறந்து, இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா ஆலயம் எழுப்பி வாழ்ந்தவர். நெடிலுக்கே தனிக் குறி கொடுத்தார்: 'ஏ'க்குக் கீழே ஒரு கால், 'ஓ'வுக்கு ஒரு சுழி, ஒற்றைக் கொம்புக்கு மேலே ஒரு சுழிப்பு. புள்ளியை நம்பாமல் கோட்டை நம்பிய இம்மாற்றம், எழுத்தாணியின் இயல்பை நன்கறிந்தார் செய்ததென்றே நமக்குத் தோன்றுகிறது.

அரபு எழுத்துக் கலையிலோ நிலை வேறு. அங்கே நாணற் கலத்தின் முனை கூரன்று. சாய்வாய்ச் சீவப்பட்ட பட்டை முனை. அதனை ஒருமுறை பதித்தெடுத்தால் சாய்சதுரப் புள்ளி விழும். அப்புள்ளியே அலிஃபின் உயரத்திற்கு அளவுகோல். பக்தாதில் வாழ்ந்த இப்னு முக்லா (மறைவு 940) இவ்வளவு முறையை வகுத்தவராகக் கருதப்படுகிறார். ஓலை தாங்காத புள்ளி, அங்கே எழுத்துக் கலையின் அடிப்படையாயிற்று.

பழக விரும்பும் மாணவர்க்கு ஒரு சொல். புதிய நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். துடைத்த பின்னரே மை நிற்கும். பேனா மை நீர்த்து ஓடினால், வேலம்பிசினைக் கரைத்துச் சில துளி சேர்த்தால் போதும். வழவழப்பான தாளே ஏற்றது. முதலில் 'எ' எழுதுக. பின்னர் அதனடியில் காலை இழுக்குக. அக்கால் இறங்கு கோடாதலால் அங்கே அழுத்தலாம். வீரமாமுனிவரின் கோடு தடித்து எழுந்து நிற்கும்.