தெளிந்த நீரெல்லாம் தூய நீரா?

ஆனைமலை வட்டாரத்தில் நீச்சல் கற்றவர்களுள் பெரும்பாலோருக்குத் தோட்டத்துக் கிணறுதான் பள்ளிக்கூடம். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்துப் பழகியவர்கள் பலர். இன்று அதே தென்னந்தோப்புகளுக்கு நடுவே, வீடுகளிலும் விருந்தினர் விடுதிகளிலும் நீச்சல் தொட்டிகள் அமைந்து வருகின்றன. கிணற்று நீர் பாசனத்திற்காக அவ்வப்போது இறைக்கப்படுகிறது. ஊற்றிலிருந்து புதுநீர் சுரக்கிறது. தொட்டி நீரோ பல வாரங்கள் அப்படியே நிற்கிறது. ஆகவே அதைத் தூய்மை செய்யும் பொறுப்பு நம்முடையதாகிறது.

இந்த வேலை இரு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, கண்ணுக்குத் தெரியும் அழுக்கை நீக்குவது. இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை அழிப்பது. முதற்பகுதி முடிந்ததும் நீர் பளிங்குபோல் தெரியும். பலர் அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். ஆபத்து இங்குதான் உள்ளது.

2024, 2025 ஆகிய ஆண்டுகளில், நமக்கு அண்டையிலுள்ள கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் பல உயிர்களைப் பறித்தது. இந்நோயைத் தரும் அமீபாக்களுள் ஒன்று நெக்லேரியா. இது வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. குடிக்கும் நீர் வழியே இது நோய் தருவதில்லை. குளிக்கும்போது மூக்கில் ஏறும் நீருடன் சென்று மூளையை அடைகிறது. நோய் கண்டவர்களுள் பிழைப்போர் மிகச் சிலரே. குளோரின் போதிய அளவில் இருக்கும் நீரில் இது பெருகுவதில்லை. 2025-இல் கேரள அரசு கிணறுகளுக்குக் குளோரின் இடும் இயக்கத்தை நடத்தியதன் காரணமும் இதுவே.

அப்படியானால் முதலிலேயே குளோரினை இட்டுவிடலாமே என்று கேட்கலாம். குளோரின் அழுக்கையும் நுண்ணுயிரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. இலைச்சருகு, பாசி, வியர்வை ஆகிய அனைத்துடனும் அது வினைபுரிந்து தீர்ந்துபோகும். எனவே முதலில் மிதக்கும் சருகுகளை வலையால் அள்ள வேண்டும். சுவர்ப் பாசியைத் தூரிகையால் தேய்க்க வேண்டும். கலங்கலாக மிதக்கும் நுண்ணிய மண்ணைப் படியவைக்கப் படிகாரம் உதவும். நம் முன்னோர் குடிநீர்ப் பானையில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்ததும் இதே நோக்கத்துடன்தான். படிந்த வண்டலை மறுநாள் குழாய் மூலம் அடியிலிருந்து உறிஞ்சி வெளியேற்றலாம்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது நீரின் பி.எச். எண். குளோரின் நீரில் கரையும்போது ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. கிருமிகளை விரைந்து கொல்வது இதுவே. பி.எச். 7 ஆக இருக்கும்போது குளோரினில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இவ்வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆக உயர்ந்தாலோ நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். காரத்தன்மை மிகுந்த நீரில் எவ்வளவு மருந்து இட்டாலும் பயன் குறைவதற்குக் காரணம் புரிகிறதல்லவா? 7.2 முதல் 7.8 வரை இருப்பது ஏற்றது.

இனி அளவைக் கணக்கிடுவோம். தொட்டி 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் ஆழம் கொண்டது எனக் கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 30 கன மீட்டர். அதாவது 30,000 லிட்டர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டுமெனில் மொத்தம் 60 கிராம் தேவை. புதிய பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கே பயன்படும் குளோரின். எனவே சுமார் 180 கிராம் தூள் வேண்டும். பழைய தூளில் வீரியம் குறைந்திருக்கும். பிளாஸ்டிக் வாளி நீரில் தூளைச் சிறிது சிறிதாக இட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலேயுள்ள தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் பரவலாக ஊற்ற வேண்டும். வெயில் குளோரினை விரைவில் சிதைத்துவிடுவதால், பொழுது சாய்ந்தபின் இடுவதே சிக்கனம்.

ஓர் எச்சரிக்கை. பி.எச். எண்ணைக் குறைக்கச் சிலர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்துவர். அமிலமும் பிளீச்சிங் பவுடரும் ஒரே வாளியில் சேர்ந்தால் குளோரின் வாயு பீறிட்டு எழும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே போர்க்களத்தில் வீரர்களை மூச்சுத்திணற வைத்த அதே வாயு இது. இரண்டையும் தனித்தனி அறைகளில் வைக்க வேண்டும். தனித்தனி வாளிகளில், வெவ்வேறு வேளைகளில் பயன்படுத்த வேண்டும்.

நீச்சல் தொட்டியருகே மூக்கைத் துளைக்கும் நெடி வீசினால், மருந்து அதிகம் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அது, வியர்வையுடனும் சிறுநீருடனும் குளோரின் சேர்ந்து உண்டான குளோரமின்களின் நெடி. கிருமிகளைக் கொல்லும் குளோரின் தீர்ந்து வருகிறது என்பதற்கே அது அடையாளமாக இருக்கலாம். குளித்துவிட்டுத் தொட்டியில் இறங்க வேண்டும் என்ற விதி இதனால்தான் ஏற்பட்டது.

ஆகவே கண்ணையும் மூக்கையும் நம்புவதற்கில்லை. சோதனைக் குழாயில் தொட்டி நீரை எடுத்து, சோதனைப் பெட்டியிலுள்ள மருந்துத் துளிகளை விட்டு, தோன்றும் நிறத்தை அட்டையுடன் ஒப்பிட்டால் குளோரின் அளவு தெரிந்துவிடும். சோதித்த நீரை மீண்டும் தொட்டியில் ஊற்றக்கூடாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைந்தால் மருந்திட வேண்டும். 3-க்கு மேற்பட்டால் காத்திருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலைதான். குழந்தைகள் நீரில் இறங்குமுன் அதைச் செய்துவிடுவோம்.