சேற்றுக்குள் காற்றைச் சேமிக்கும் மீன்

தண்ணீரை விட்டு வெளியே வந்த மீன் சிறிது நேரத்தில் மூச்சுத் திணறி இறந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால், கிள்ளான் கடலோரத்தில் வாழும் ஒரு சிறிய மீன், தண்ணீர் வற்றிய பிறகுதான் இரை தேடவே புறப்படுகிறது. மலாய்மொழியில் அதனைப் பெலாச்சாக், தெம்பாக்குல் என்பார்கள். தமிழில் சேற்றுத் துள்ளி எனலாம்.

இதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். பிரிக்பீல்ட்ஸில் உள்ள கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி, போர்ட் கிள்ளானில் இறங்கி, படகில் கெத்தாம் தீவுக்குச் செல்லுங்கள். அங்கே வீடுகள் சேற்றின்மேல் கால் நட்டு நிற்கும். நாளுக்கு இருமுறை கடல் ஏறி இறங்கும். நீர் வற்றும் நேரத்தில், அந்தச் சேற்றில் இம்மீன்கள் துள்ளுவதைக் காணலாம்.

நிலத்தில் அது எப்படி மூச்சு விடுகிறது? தவளையைப் போல ஈரமான தோல் வழியாகவும், வாய், தொண்டையின் உட்புறச் சவ்வு வழியாகவும் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. செவுள் அறையில் கொஞ்சம் நீரையும் அடக்கி வைத்திருக்கும். தோல் காய்ந்தால் ஆபத்து. அதனால்தான் அடிக்கடி சேற்றில் புரள்கிறது. முன் துடுப்புகளை ஊன்றி நகரும். வாலை உதைத்துத் தாவும். தலையுச்சியில் இருக்கும் கண்களை அவ்வப்போது உள்ளிழுத்து நனைத்துக்கொள்ளும்.

இதைவிட வியப்பானது அதன் வளை. சதுப்புச் சேற்றில் அழுகிய முட்டை வாடை வீசுவதைக் கவனித்திருக்கிறீர்களா? ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவே அதற்குக் காரணம். அப்படிப்பட்ட சேற்றுக்குள் முட்டைகள் எப்படிப் பிழைக்கும்? வாய் நிறையக் காற்றை அடைத்துக்கொண்டு மீன் வளைக்குள் இறங்குகிறது. உள்ளே உள்ள அறையில் அதை விடுகிறது. மீண்டும் மேலே வந்து இன்னொரு வாய் காற்று. இப்படிச் சேர்த்த காற்றுதான் முட்டைகளைக் காக்கிறது. பினாங்கில் பெரிய சேற்றுத் துள்ளியின் வளைகளை ஆராய்ந்தவர்கள், அது காற்றைச் சேமிப்பதை 1998இல் உலகுக்கு அறிவித்தார்கள்.

இந்த வளைக்கு அலை ஏறி இறங்கும் மென்மையான சேறு வேண்டும். அந்தச் சேற்றைப் பிடித்து வைத்திருப்பவை பாக்காவ் மரங்களின் வேர்கள். மரத்தை வெட்டி, மண்ணைக் கொட்டி மேடாக்கினால், மீன் மேட்டிலும் வாழ முடியாது. ஆழ்கடலுக்கும் போக முடியாது. இன்று வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகம் இருக்கும் இண்டா தீவு, லுமுட் தீவு என்று அழைக்கப்பட்ட காலத்தில் சதுப்புக் காடாகத்தான் இருந்தது. துறைமுகம் நமக்குத் தேவைதான். ஆனால், எஞ்சியிருக்கும் சதுப்பு நிலம் சேற்றுத் துள்ளிக்கு மட்டும் உரியதன்று. நாம் உண்ணும் நண்டும் இறாலும் அங்கேதான் வளர்கின்றன. அதே வேர்கள் கடலோர மண்ணை அலை அரிக்காமலும் தடுக்கின்றன.

படகுத்துறையில் நிற்கும்போது சேற்று வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளாதீர்கள். கையிலுள்ள நெகிழிப் பையையும் அங்கே வீசாதீர்கள். உங்கள் காலடியில் ஒரு மீன் தன் முட்டைகளுக்காகக் காற்று சுமந்துகொண்டிருக்கலாம்.